வீட்டுச் சமையலறையில் பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர்: ஸ்டூல் உயரத்திலிருந்து கல் பதிப்பது வரை

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கிரானைட் கடையில்தான். கல் வந்து இறங்கிய பிறகு சுவர், அதன் பிறகு ஸ்டூல், கடைசியில் பிளக் பாயின்ட் என்று வேலை நடக்கிறது. முழங்கால் இடிக்கிறது, கல்லின் நுனி ஆடுகிறது, மிக்ஸியின் வயர் எட்டவில்லை என்ற குறைகள் எல்லாம் இந்த வரிசையிலிருந்தே வருகின்றன. யார் உட்காரப்போகிறார்கள், எந்த ஸ்டூலில், எந்த உயரத்தில் என்பவை முடிவாக வேண்டும். சுவரும், வயர் ஓடும் மின்குழாயும் அவற்றைத் தொடர்ந்து வர வேண்டும். கல் கடைசியில் வர வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நம் அடுக்குமாடி வீடுகளில் அதிகம் காணப்படும் அமைப்பு: 6 அடி நீளமுள்ள அரைச்சுவர், அதன் ஒரு முனை ஏற்கனவே உள்ள சுவரோடு சேர்ந்திருக்கிறது, மறுமுனை திறந்திருக்கிறது, மேலே கிரானைட், ஹால் பக்கம் மூன்று பேர் உட்காரும் இடம். கொத்தனார் அங்குலத்திலும் கம்பிக் கடைக்காரர் மில்லிமீட்டரிலும் பேசுவதால் அளவுகளை அவரவர் வழக்கப்படியே கொடுத்திருக்கிறேன்.

1. உயரத்தை உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

மூன்று உயரங்கள் வழக்கத்தில் உள்ளன. 30 அங்குலம் சாதாரண உணவு மேசையின் உயரம். அதற்குச் சாதாரண நாற்காலியே போதும். 36 அங்குலம் ஏறத்தாழச் சமையல் மேடையின் உயரம்; அதற்கு இருக்கை 24 முதல் 26 அங்குலம் உயரமுள்ள ஸ்டூல் வேண்டும். 42 அங்குலத்துக்கு 30 அங்குல ஸ்டூல் வேண்டும். எந்த உயரமானாலும் இருக்கைக்கும் கல்லின் அடிப்பகுதிக்கும் இடையே 9 முதல் 12 அங்குல இடைவெளி இருந்தால்தான் தொடை தாராளமாக உள்ளே போகும்.

கடையில் ஸ்டூல் வாங்கும்போது விற்பவர் சொல்லும் உயரம் சில சமயம் முதுகுச் சாய்வையும் சேர்த்ததாக இருக்கும். தரையிலிருந்து இருக்கையின் மேல்பரப்பு வரை நீங்களே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நான் முதன்முதலில் செய்த தவறு இதுதான்: தள்ளுபடியில் கிடைத்தன என்று 30 அங்குல ஸ்டூல்கள் மூன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு, 36 அங்குலத்தில் கவுண்டர் கட்டினேன். இடைவெளி ஐந்தே கால் அங்குலம்தான் மிஞ்சியது. அந்த மூன்று ஸ்டூல்களும் இன்று பால்கனியில் துளசித் தொட்டிகளைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

காகிதத்தில் கணக்குப் போடுவதைவிட ஒரு சோதனை நல்லது. 30 அங்குல உணவு மேசையின் மேல் 6 அங்குலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் ஒரு பலகையை வைத்தால் ஏறத்தாழ 36 அங்குலம் கிடைத்துவிடும். அக்கம்பக்கத்தில் ஒரு ஸ்டூலை இரவல் வாங்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தட்டு வைத்து இட்லி, சாம்பாரோடு ஒரு வேளை சாப்பிட வையுங்கள். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். தட்டு நெஞ்சுக்கு அருகில் வந்துவிட்டால் முழங்கை தூக்கியபடியே நிற்கும், தோள் வலிக்கும். ஸ்பூனால் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடுபவருக்கு இது தெரியாது.

மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் 42 அங்குலத்தை யோசிக்கவே வேண்டாம். புடவை கட்டியவருக்கு 26 அங்குல ஸ்டூலில் ஏறுவதற்கே கால் வைக்கும் கம்பி தேவைப்படுகிறது. என் கருத்தில், பெரும்பாலான வீடுகளுக்கு 36 அங்குலமே சரி. ஆள் இல்லாத நேரத்தில் அதே இடம் காய் நறுக்கவும் சப்பாத்தி தேய்க்கவும் பயன்படும்.

2. தரையில் சாக்பீஸால் வரையுங்கள்

ஒருவருக்கு 24 அங்குல அகலம் வேண்டும். மூவருக்கு 6 அடி. ஐந்தடியில் மூன்று ஸ்டூல்களைத் திணித்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை உங்கள் தட்டில் இருக்கும். இடக்கைப் பழக்கமுள்ளவர் இருந்தால் அவருக்கு இடப்பக்க முனையை ஒதுக்கிவிடுங்கள்.

36 அங்குல உயரத்துக்கு முழங்கால் போக 15 அங்குல ஆழம் இருந்தால் வசதி. இடம் குறைவான வீட்டில் 13 அங்குலம் வரை குறைத்துப் பார்த்திருக்கிறேன், உறுத்தலில்லை. அதற்குக் கீழே போனால் உட்கார்ந்தவர் பக்கவாட்டில் திரும்பித்தான் சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே நம் கல்லின் அகலம்: சமையலறைப் பக்கம் வெளியே நீளும் ஒன்றரை அங்குலம், பூச்சோடு சேர்ந்த சுவர் ஐந்தரை அங்குலம், ஹால் பக்கம் 13 அங்குலம், மொத்தம் 20 அங்குலம்.

இந்தச் செவ்வகத்தைத் தரையில் வரைந்த பிறகு, ஹால் பக்கம் கல்லின் விளிம்பிலிருந்து பின்னால் உள்ள சோபா அல்லது சுவர் வரை அளந்து பாருங்கள். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கிப் போக 36 அங்குலமும், இயல்பாக நடந்து போக 44 அங்குலமும் வேண்டும். சமையலறைப் பக்கம் அடுப்பு மேடைக்கும் அரைச்சுவருக்கும் நடுவே மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது.

அளவுகளை எழுதிக்கொண்ட பின் மூன்று ஒத்திகைகள் செய்யுங்கள். ஃபிரிட்ஜ் கதவை முழுவதும் திறந்து, உள்தட்டு வெளியே இழுபடுகிறதா என்று பாருங்கள். கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அதன் இடம் வரை உருட்டிக்கொண்டு வந்து பாருங்கள். அடுப்பில் கடுகு தாளித்தால் தெறிக்கும் எண்ணெய் எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள். சாப்பிடுபவர் அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்க வேண்டும். சாக்பீஸ் கோட்டை இரண்டு நாள் அழிக்காமல் வைத்தால், அந்தக் கோட்டை எத்தனை முறை மிதித்துக் கடக்கிறீர்கள் என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

3. எதை உடைக்கலாம், எதைத் தொடக் கூடாது

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஏற்கனவே முழுச்சுவர் இருந்தால், அதை இறக்குவதற்கு முன் அது எந்த வகைச் சுவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். தூண், உத்தரம் உள்ள கட்டடத்தில் நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவராகவே இருக்கும். பழைய தனி வீடுகளில் 9 அங்குலச் சுவரே மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அலுமினிய அச்சில் வார்த்த புதிய அடுக்குமாடிகளில் உள்சுவர் கூடக் காங்கிரீட்டால் ஆன தாங்குசுவராக இருக்கும். அதில் ஓர் ஆணி அடிப்பதே சிரமம், அப்படிப்பட்ட சுவரை உடைக்கவே கூடாது. தட்டிப் பார்த்து முடிவு செய்யும் மேஸ்திரியை நம்பாமல் கட்டட வரைபடத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இறக்கலாம் என்று உறுதியானால், சுவிட்ச் பெட்டிகளிலிருந்து மேலே போகும் குழாய்களையும் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயையும் குறித்துக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டு, மேலிருந்து கீழாக இறக்கச் சொல்லுங்கள். சம்மட்டியால் நடுவில் அடித்தால் சுவர் மொத்தமாகச் சாயும். தேவையான உயரத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்று தோன்றும். ஆனால் சுத்தியல் அடி வாங்கிய மேல் வரிசைகளில் கலவை விட்டுப்போயிருக்கும். உறுதியான செங்கல் வரும் வரை இறக்கி, அங்கிருந்து புதிதாகக் கட்டுங்கள்.

4. எடையைக் கணக்கிட்டு, அதன் பிறகு செங்கல்லா பிளாக்கா என்று சொல்லுங்கள்

மாடி வீட்டில் புதிய சுவரின் எடை முழுவதும் தளத்தின் மேல் இறங்குகிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபுறப் பூச்சோடு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ வரும். 6 அடி நீளமும் 3 அடி உயரமும் கொண்ட சுவர் 1.67 சதுர மீட்டர். ஆக ஏறத்தாழ 400 கிலோ. அதே சுவரை 4 அங்குல ஏஏசி பிளாக்கில், அதாவது காற்றுத் துளைகள் நிறைந்த லேசான காங்கிரீட் கல்லில், கட்டினால் இதில் பாதிதான் இருக்கும். பழைய சுவரை இறக்கிவிட்டு அதே இடத்தில் அரைச்சுவர் கட்டுபவருக்கு இந்தக் கவலை இல்லை. இறக்கிய எடை இதைவிட அதிகம். சுவரே இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டுபவர் இன்ஜினியரைக் கேட்காமல் செங்கல்லை இறக்கக் கூடாது.

5. மின்குழாய் சுவருக்கு முன் வர வேண்டும்

பூச்சு முடிந்த சுவரை மறுபடி வெட்டிக் குழாய் பதிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் வீண்செலவு. நாலரை அங்குலச் சுவரை நீளவாக்கில் வெட்டினால் அது பலம் இழந்துவிடும் என்பது செலவைவிடப் பெரிய காரணம். சுவர் எழும்பும்போதே குழாயையும் பெட்டியையும் வைத்துவிடுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு 1800 முதல் 2000 வாட், மின்கெட்டில் சுமார் 1500 வாட் இழுக்கும். இவற்றுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் கட்டாயம், குறைந்தது 2.5 சதுர மி.மீ. வயரும் எர்த்தும் வேண்டும். மிக்ஸிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 6 ஆம்பியர் போதும். பெட்டியைச் சுவரின் சமையலறைப் பக்கத்தில், கல்லுக்கு ஓரடி கீழே வையுங்கள். கல்லின் மேலேயே துளை போட்டு வைக்கும் பாப்-அப் சாக்கெட் பார்க்க அழகாக இருக்கும். ரசம் கொட்டும் வீட்டுக்கு அது ஏற்றதன்று. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

6. சுவர், பட்டை, பிராக்கெட்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். 36 அங்குலம் என்று கொத்தனாரிடம் சொன்னால், அவர் செங்கல்லையே 36 அங்குலத்துக்குக் கட்டிவிடுவார். அதற்கு மேல் கலவையும் கல்லும் ஏறி கவுண்டர் 38 அங்குலத்தில் போய் நிற்கும். கணக்கை மேலிருந்து கீழாகப் போட்டு, அந்த எண்ணை மட்டும் சுவரில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

கல் 18 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒட்டும் டைல் பசை கால் அங்குலம். மீதி 35 அங்குலம். செங்கல்லும் கலவையும் சேர்ந்து ஒரு வரிசை மூன்றரை அங்குலம் என்றால், 9 வரிசைக்கு முப்பத்தொன்றரை அங்குலம். அதன் மேல் மூன்றரை அங்குலக் காங்கிரீட் பட்டை. கூட்டினால் சரியாக 35 வரும். உங்கள் ஊர்ச் செங்கல் தடிமன் மாறினால் ஒரு வரிசையைக் காய வைத்து அளந்து, மிச்சத்தைப் பட்டையின் தடிமனில் சரிசெய்துகொள்ளுங்கள். தரைக்கு மேலேயே புது டைல் ஒட்டும் எண்ணம் இருந்தால் அந்தக் கனத்தையும் இப்போதே சேர்த்துவிடுங்கள், ஏனெனில் உயரம் என்பது முடிந்த தரையிலிருந்து அளக்கப்படுவது.

பழைய டைலின் வழவழப்பில் கலவை பிடிக்காது; சுவர் நிற்கும் இடத்தில் மட்டும் டைலை எடுத்துவிட்டு, தளத்தைக் கொத்தி, நனைத்துக் கட்டச் சொல்லுங்கள். கலவை ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல். மூன்று வரிசைக்கு ஒருமுறை 6 மி.மீ. கம்பி ஒன்றைப் படுக்க வைத்து, அதன் முனையைப் பக்கத்துச் சுவரில் துளையிட்டுச் செருக வேண்டும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் பின்னால் விரிசல் விடாமல் இருக்க இதுவே வழி. திறந்த முனையைச் சமையலறைப் பக்கமாக ஓரடி திருப்பி, எல் வடிவில் முடியுங்கள். அந்தத் திருப்பம் இல்லாத நாலரை அங்குலச் சுவர், ஒருவர் கல்லின் விளிம்பில் கை ஊன்றி எழும் ஒவ்வொரு முறையும் சற்று அசையும். தூக்குக்குண்டை மூன்று வரிசைக்கு ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

இனி பிராக்கெட். 18, 20 மி.மீ. கிரானைட் தாங்கல் இல்லாமல் வெளியே நீளக்கூடியது பொதுவாக 6 அங்குலம்தான். நமக்கு வேண்டியதோ 13. கல்லை வெறுமனே நீட்டி, பின்பக்க எடை தாங்கிக்கொள்ளும் என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கிரானைட் வளையாது, முன்னறிவிப்பில்லாமல் உடையும். விழும் இடம் ஒருவரின் மடி.

40 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் 14 அங்குலத் துண்டுகள் நான்கு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 4 அங்குலம் காங்கிரீட் பட்டைக்குள்ளும் 10 அங்குலம் ஹால் பக்கம் வெளியேயும் இருக்க வேண்டும். சுவரை ஒட்டிக் கீழே இறங்கும் 10 அங்குலத் தட்டை இரும்புத் துண்டு ஒன்றையும், மூலையில் 4 அங்குல முக்கோணத் தகட்டையும் வெல்டிங் செய்யுங்கள். காங்கிரீட் பட்டைக்குள் நீளவாக்கில் ஓடும் இரண்டு 8 மி.மீ. கம்பிகளோடு குழாயின் உள்முனையையும் வெல்டிங் செய்த பின்னரே காங்கிரீட் போட வேண்டும். அப்போதுதான் நான்கும் ஒரே உடம்பாக இழுவையைத் தாங்கும். குழாய்களின் மேல்பரப்பும் பட்டையின் மேல்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நான்கின் மேலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். எங்கேனும் இரண்டு மி.மீ. எழும்பியிருந்தால், கல் அந்த ஒரு புள்ளியில் ஏறி நின்று அங்கேதான் உடையும்.

பிராக்கெட் வைக்கும் இடம் முக்கியம். இரண்டடிக்கு ஒன்று என்ற கணக்கில், இரு முனைகளிலும் இரண்டு, ஸ்டூலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் இரண்டு. ஒருவரின் இடம் 24 அங்குலம் என்று முன்பே முடிவு செய்ததால், தாங்கல் வரும் இடமும் முழங்கால் வராத இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பட்டைக்கு அரை அங்குல ஜல்லியோடு 1:2:4 காங்கிரீட் (சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு பங்கு) போதும். பிராக்கெட்டின் நுனிகளுக்குக் கீழே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, 7 நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வையுங்கள். இந்த ஏழு நாளில்தான் வீட்டில் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள்.

7. பூச்சு முடிந்த பிறகே கல்லுக்கு அளவு

முட்டுக் கம்புகளை எடுத்த பிறகு அரை அங்குலப் பூச்சு பூசி, அதையும் ஒரு வாரம் நனையுங்கள். பிராக்கெட்டுகளுக்குத் துருத்தடுப்பு பெயின்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள். கல் வந்த பின் தூரிகை மேற்பரப்புக்குப் போகாது.

கல்லுக்கான அளவை வரைபடத்திலிருந்து கொடுக்காதீர்கள். நம் சுவர்களில் மூலைகள் அரிதாகவே நேராக இருக்கின்றன. மூலமட்டம் வைத்துப் பாருங்கள். விலகல் இருந்தால், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரோடு ஒட்டி வெட்டி, அந்த அட்டையையே கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

பளிங்கு வேண்டாம்: எலுமிச்சை, புளி, தயிர் மூன்றிலும் உள்ள அமிலம் அதன் பளபளப்பை அரித்துவிடும். வெளிர் நிறக் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். எடுத்தே தீர வேண்டுமென்றால் கறை உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் அடிக்க வேண்டும். ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி போன்ற அடர்கறுப்புக் கல் கறையைக் காட்டாது, ஆனால் தூசியையும் தண்ணீர்த் தடத்தையும் காட்டிக்கொடுக்கும். கடையில் கல்லை நனைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் காயும்போது அந்தக் கோடு கடைசியாகக் காயும்.

விளிம்பை உருட்டித் தேய்க்கும் அரைவட்ட நோசிங் சொல்லுங்கள். திறந்த முனையின் இரண்டு மூலைகளையும் 2 அங்குல ஆரத்தில் வளைத்து வெட்டச் சொல்லுங்கள், ஏனெனில் 36 அங்குலம் என்பது மூன்று நான்கு வயதுக் குழந்தை ஓடிவரும்போது அதன் நெற்றி வரும் உயரம். விளிம்புக்கு அடியில் இன்னொரு பட்டை ஒட்டிக் கனமாகக் காட்டும் வேலைப்பாடு முழங்கால் இடைவெளியில் முக்கால் அங்குலத்தைத் தின்றுவிடும்.

8. கல் பதித்தல்

6 அடிக்கு 20 அங்குலம் என்றால் 10 சதுர அடி; 18 மி.மீ. கனத்தில் சுமார் 45 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம், ஆனால் கதவைப்போல நெட்டுக்குத்தாக நிறுத்தித்தான் எடுத்து வர வேண்டும். பலகைபோலப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரியும். லிஃப்டில் ஆறடி நிற்குமா என்று முதல்நாளே அளந்துகொள்ளுங்கள்.

முதலில் பசை இல்லாமல் வைத்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் மேலும் கையால் அழுத்திப் பாருங்கள். கல் ஆடினால் கோளாறு இரும்பில் இருக்கிறது, பசையால் அதை மறைக்கக் கூடாது. பிறகு பட்டையின் மேல் டைல் பசையைப் பற்கரண்டியால் சீராகப் பரப்பி, பிராக்கெட்டுகளின் மேல் அதே கனத்துக்கு எபாக்சி பசை வைத்து, கல்லை இறக்கி, ரசமட்டத்தை நீளத்திலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். இங்கே சிலர் ஒரு அங்குலக் கலவை கொட்டி மேலே கல்லைத் தட்டி உட்கார வைப்பார்கள்; கணக்குப் போட்ட உயரம் அதோடு போய்விடும், கலவைக்கு அடியில் வெற்றிடமும் விழும்.

48 மணி நேரம் யாரும் சாயக் கூடாது. கல்லும் சுவரும் சேரும் கோட்டில் சிமென்ட் அடைத்தால் ஆறு மாதத்தில் பிளந்துகொள்ளும். அந்த இடத்துக்குச் சிலிக்கோன்.

9. விளக்கும் ஸ்டூலும்

தொங்கும் விளக்கைக் கல்லிலிருந்து 28 முதல் 34 அங்குல உயரத்தில் வையுங்கள். ஹாலின் மின்விசிறி 1200 மி.மீ. விட்டம் கொண்டதென்றால், விளக்கின் வயர் விசிறியின் நடுவிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். காற்றில் ஆடும் விளக்கு சாப்பிடுபவரின் தட்டில் நிழலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

ஸ்டூல் 25 அங்குல இருக்கையும், இருக்கைக்கு 16 முதல் 18 அங்குலம் கீழே கால் கம்பியும் உள்ளதாக இருக்கட்டும். வழவழப்பான டைலில் கால்களுக்கு ரப்பர் புஷ் இல்லாவிட்டால், ஏறும்போது ஸ்டூல் பின்னால் நழுவும். மூன்றையும் ஒரே நாளில் வாங்காமல் ஒன்றை மட்டும் வாங்கி வந்து, வீட்டில் மிக உயரமானவரையும் மிகக் குள்ளமானவரையும் மாறி மாறி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் வாங்குங்கள்.